நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு கரெக்ட்டாம்! சோலார் ஃபோர்காஸ்ட் சர்வீஸ், ஒரு வருஷ ரிவ்யூ

சோலார் பிளான்ட்ல எவ்ளோ கரண்டு வரும்னு முன்கூட்டியே கணிச்சு சொல்ற சர்வீஸ் இது. முதல்லயே ஸ்டார் போட்டுர்றேன், அஞ்சுக்கு மூணு. ஏன் மூணுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், அவசரத்துல இருக்கவங்க சேல்ஸ் ஆள் வந்தா "தம்பி, ராத்திரிய கழிச்சுட்டா உங்க ஆக்யுரசி எவ்ளோ?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அவரு மூஞ்சிய மட்டும் பாருங்க, மிச்சத்த படிக்கவே வேணாம்.

கம்பெனி பேரு போடல. திட்டியும் எழுதப்போறேன், பாராட்டியும் எழுதப்போறேன், நாளைக்கு போன் போட்டு "சார் ரிவ்யூவ எடுத்துருங்க"ன்னு கெஞ்சுவாய்ங்க, எதுக்கு வம்பு. பேரு தெரிஞ்சும் பெருசா பிரயோஜனம் இல்ல, இந்த வேலைய செய்றவங்க முக்கால்வாசி பேரு ஒரே மாதிரிதான் பேசுறாய்ங்க.

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பின்னாடி போறேன். டி.கல்லுப்பட்டிய தாண்டி பேரையூர் போற பக்கம் கரிசக்காட்டுல எங்க மாமாவும் (மாமனாரு) அவரு பங்காளிங்க ரெண்டு பேரும் சேந்து 2 மெகாவாட் சோலார் பிளான்ட் போட்டுருக்காங்க. பத்து ஏக்கர். முன்னாடி பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட எடம், மழை ஏமாத்தி ஏமாத்தி கடைசில வெயிலயே வெள்ளாமை பண்ணுவோம்னு எறங்கிட்டாரு. நமக்கு கம்ப்யூட்டர் தெரியும்ன்ற ஒரே குத்தத்துக்கு கணக்கு வழக்கு பூராம் என் தலைல. பகல்ல திருமங்கலத்துல என் வேலை, ராத்திரி உக்காந்து இந்த வேலை.

வெயிலுக்கு வெள்ளாமை பண்ணா மட்டும் போதாது, நாளைக்கு எவ்ளோ அறுப்போம்னு இன்னைக்கே எழுதிக் குடுக்கணும். 2019-ல தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காத்தாலைக்கும் சோலாருக்கும் ஃபோர்காஸ்டிங், ஷெட்யூலிங்னு விதி கொண்டு வந்துச்சு. ஒரு நாள 15 நிமிஷம் 15 நிமிஷமா பிரிச்சா 96 பிளாக். ஒவ்வொரு பிளாக்குலயும் எவ்ளோ கரண்டு குடுப்போம்னு முன்கூட்டியே சொல்லணும், சொன்னதுக்கும் குடுத்ததுக்கும் வித்தியாசம் ஒரு வரம்ப தாண்டுச்சுன்னா காசு கட்டணும். கூட குடுத்தாலும் தப்பு, கொறைச்சு குடுத்தாலும் தப்பு. நம்மள மாதிரி சின்ன ஆளுங்க தனித்தனியா சென்னைல இருக்க லோடு டெஸ்பாட்ச் சென்டரோட (கரண்டு வரத்தையும் செலவையும் சரிக்கட்டுற ஆபீஸு) மல்லுக்கட்ட முடியாதுன்னு நடுவுல ஒரு ஏஜென்சி இருக்கு, க்யூ.சி.ஏ.ன்னு சொல்லுவாங்க. நம்ம சார்பா அவங்க ஷெட்யூல் குடுப்பாங்க, வித்தியாசத்துக்கு வர்ற காச பிரிச்சு வசூல் பண்ணுவாங்க. நான் ரிவ்யூ பண்றது அந்த ஏஜென்சிக்கு பின்னாடி ஃபோர்காஸ்ட் போட்டுக் குடுக்குற கம்பெனியோட சர்வீஸ், மாச சந்தா, கூடவே ஒரு ஆப்பு (app).

மாமா முதல் மாச பில்ல பாத்துட்டு கேட்டது: "ஏன் மாப்ள, மேகம் வந்தா கரண்டு வராதுன்னு சொல்றதுக்கு மாசாமாசம் இவனுக்கு காசா? அத நம்ம வாட்ச்மேனே சொல்வாரே." நான் அப்ப கம்பெனிக்காரனுக்கு சப்போர்ட்டா பேசுனேன். "இல்ல மாமா, சேட்டிலைட்டு, ஏஐ எல்லாம் வச்சு பண்றாங்க, 95 பர்சன்ட் கரெக்ட்டாம்." இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு.

அந்த 95-க்கு வருவோம்.

மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம ஆப்புல இருந்து டேட்டாவ எறக்கி எக்ஸெல்ல போட்டேன். ஒரு காலம்ல ஃபோர்காஸ்ட், அடுத்த காலம்ல மீட்டர் ரீடிங், மூணாவதுல வித்தியாசம். எறக்குறதுக்கு ஆப்பு நல்லாவே விட்டுச்சு, அதுக்கு ஒரு பாராட்டு, சில ஆப்புல படம் மட்டும் காட்டுவான் நம்பர் தரமாட்டான். ஆவரேஜ் போட்டா 5 சதவீதத்த ஒட்டி வித்தியாசம், ஆமா 95 வருது. அப்பறம் ஷீட்ட மேலயும் கீழயும் உருட்டுனா ராத்திரி பிளாக் எல்லாத்துலயும் ஃபோர்காஸ்ட் ஜீரோ, ரீடிங் ஜீரோ, ஆக்யுரசி 100! ராத்திரி பன்னெண்டு மணிக்கு சூரியன் வராதுன்னு நூத்துக்கு நூறு கரெக்ட்டா சொல்லிருக்காய்ங்க. 96-ல ஏறக்குறைய 48 பிளாக் ராத்திரி. அத தூக்கிப்போட்டு பகல மட்டும் எடுத்தா வித்தியாசம் 10-க்கு கிட்ட போகுது. பகல்ல 10 தப்பு, ராத்திரில 0 தப்பு, ரெண்டையும் கலந்தா 5 தப்பு, அதான் அந்த 95.

அதோட விடல. வித்தியாசத்த எதால வகுக்குறாங்கன்னு பாத்தேன். விதிப்படி வித்தியாசத்த பிளான்ட்டோட கெப்பாசிட்டியால, அதாவது அன்னைக்கு எவ்ளோ கெப்பாசிட்டி ரெடியா இருக்கோ அதால வகுக்கணும், வந்த கரண்டால இல்ல. காலைல ஏழரை மணிக்கு 300 கிலோவாட் வரும்னு சொல்றாங்க, 150 வருது. சொன்னதுல பாதிதான் வந்துருக்கு, நம்ம பார்வைல படுதோல்வி. ஆனா 150-அ கெப்பாசிட்டி 2000 கிலோவாட்டால வகுத்தா ஏழரை பர்சன்ட், "92.5 கரெக்ட்". இது ஏமாத்து வேலை இல்ல, விதியே அப்டித்தான், காசும் அப்டித்தான் கணக்கு, காலைலயும் சாயங்காலமும் தப்பு வந்தா நம்ம பையிக்கு பெருசா நஷ்டம் இல்லன்றதும் உண்மை. ஆனா அந்த நம்பர நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போட்டு "எங்க ஏஐ 95 பர்சன்ட்"னு சொல்றப்ப அதுல ஏஐக்கு எவ்ளோ பங்கு, சூரியன் மறையுறதுக்கு எவ்ளோ பங்கு, வகுக்குற எண்ணுக்கு எவ்ளோ பங்குன்னு கேக்கணும்ல.

சரி பகல் 10 நல்லதா கெட்டதா? தனியா பாத்தா தெரியாது. ஃபோர்காஸ்ட் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பழக்கம் வச்சுருக்காங்க, எனக்கு ரொம்ப புடிச்ச பழக்கம், எந்த மாடலா இருந்தாலும் முதல்ல ஒரு சோம்பேறி மாடலோட மோதவிடுவாங்க. சோம்பேறி மாடல்னா "நேத்து இந்த நேரத்துல எவ்ளோ வந்துச்சோ இன்னைக்கும் அவ்ளோதான்". பெர்சிஸ்டன்ஸ்னு பேரு. செலவு ஜீரோ, எக்ஸெல்ல ஒரே ஒரு ஃபார்முலா, 96 வரி மேல இருக்க செல்ல காட்டி விட்டா முடிஞ்சுது. இந்த சோம்பேறிய ஜெயிக்காத மாடலுக்கு சந்தா கட்டக்கூடாது.

நான் மோதவிட்டேன். மாசி பங்குனில, அதாவது பிப்ரவரி மார்ச்ல, ரெண்டும் கிட்டத்தட்ட சமம்! சில வாரம் சோம்பேறி ஜெயிச்சான். ஏன்னா எங்க ஊர்ல அந்த ரெண்டு மாசம் வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும், நேத்து மாதிரியேதான் இன்னைக்கும், நாளைக்கும். அதுதான் வருஷத்துலயே நல்ல உற்பத்தியும். நெறைய பேரு அக்னி நட்சத்திரத்துலதான் சோலார் பிச்சுக்கிட்டு ஓடும்னு நினைக்கிறாங்க, இல்லீங்க, சாதா சிலிக்கான் பேனலுக்கு 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி கொறையும், சித்திரை வெயில்ல பேனல் 65 டிகிரிக்கு போச்சுன்னா 16 சதவீதம் அங்கயே காலி. மாமாவுக்கு இத புரியவைக்க ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் முழுசா நம்பலன்னுதான் நினைக்கிறேன், மே மாசம் பில்ல பாத்தா "மிஷின்ல ஏதோ கோளாறு மாப்ள"ம்பாரு.

சித்திரைல இன்னொரு தொல்லை, மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் மண்டைய பொளக்குற வெயில், மூணு மணிக்கு சதுரகிரி பக்கமா கருக்க ஆரம்பிச்சு அரைமணில இடி. வெப்பச்சலன மழை. அழகர் எறங்குற சமயத்துல ஒரு மழை வரும்னு நம்ம ஊர்ல எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்கள்ல, அந்த மழைதான். இதுல சோம்பேறி மாடலும் அவுட்டு, காசு கட்டி வாங்குன மாடலும் பெரும்பாலும் அவுட்டு. ஏன்னு தேடிப் படிச்சேன். நாளைக்கு எப்டின்னு சொல்றதுக்கு உலக அளவுல ஓடுற வானிலை மாடல்களத்தான் எல்லாரும் எடுக்குறாங்க, ஐரோப்பாக்காரங்களோடது நல்லதுன்னு பேரு, அது உலகத்த 9 கிலோமீட்டர் கட்டமா பாக்குது. 9-க்கு 9-ன்னா 81 சதுர கிலோமீட்டர், அதாவது இருபதாயிரம் ஏக்கருக்கு ஒரு கட்டம். எங்களது பத்து ஏக்கர். டி.கல்லுப்பட்டில ஒரு தெருவுல மழை கொட்டி அடுத்த தெருவுல புழுதி பறக்குறத நானே பாத்துருக்கேன், இருபதாயிரம் ஏக்கருக்கு ஒரே நம்பர் வச்சுக்கிட்டு அவன் மட்டும் என்ன பண்ணுவான்.

அடுத்த சில மணி நேரத்துக்குத்தான் சேட்டிலைட்டு படம். மேகம் எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு அடுத்தடுத்த படத்த வச்சு பாத்து, இன்னும் எவ்ளோ நேரத்துல நம்ம தலைக்கு மேல வரும்னு கணக்கு போடுறது. நல்ல டெக்னிக்தான், ஊர்ந்து வர்ற பெரிய மேகத்துக்கு அருமையா வேலை செய்யும். ஆனா ஒரு இன்சாட் அரைமணிக்கு ஒரு படம் அனுப்புதுன்னு வைங்க, மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்ல வந்தா அடுத்த படம் வர்றதுக்குள்ள 15 கிலோமீட்டர் தாண்டிரும், எடுத்த படம் கம்ப்யூட்டருக்கு போயி ஷெட்யூலா மாறி வர்றதுக்கு இன்னும் நேரம். அதுலயும் எங்க மேகம் ஊந்து வர்ற மேகமே இல்ல, நின்ன எடத்துலயே பொங்குற மேகம், இட்லி சட்டில ஆவி கெளம்புற மாதிரி.

ஆப்புல "ரிவிஷன்"னு ஒரு பகுதி இருக்கு, இதுதான் இந்த சர்வீஸ்ல உண்மையிலேயே காசுக்கு ஒர்த்தான எடம். முந்துன நாள் குடுத்த ஷெட்யூல அந்தந்த நாள்லயே திருத்தலாம், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவன்னு ஒரு நாளைக்கு 16 தடவ. ஆனா இப்ப திருத்துனா இப்பவே அமலுக்கு வராது, நாலாவது பிளாக்ல இருந்துதான். அதனால கண் முன்னாடி கருத்துக்கிட்டு வர்றப்ப திருத்தி லாபம் இல்ல, ஒரு மணி நேரம் முன்னாடியே தெரியணும். ஐப்பசி கார்த்திகைல, வடகிழக்கு பருவமழை சமயத்துல, இங்கதான் நம்ம சோம்பேறி மாடல் மண்ண கவ்வுனான். ஒரு நாள் முழுக்க மூட்டம், மறுநாள் பளிச்சுன்னு வெயில், அதுக்கு மறுநாள் தூறல், நேத்து மாதிரின்னு சொன்னவன் தெனமும் தப்பு. கம்பெனிக்காரங்க அந்த மாசத்துல பகல் வித்தியாசத்த சோம்பேறியோடதுல பாதிக்கும் கீழ கொண்டு வந்தாங்க. வங்கக்கடல்ல ஒரு காத்தழுத்த தாழ்வு உருவாச்சுன்னா ரெண்டு நாள் முன்னாடியே எங்க ஷெட்யூல எறக்கி வச்சாங்க, சரியாவும் இருந்துச்சு. அந்த மூணு ஸ்டார்ல ரெண்டு ஸ்டார் ஐப்பசிக்கு குடுத்தது.

இப்ப நான் ரொம்ப நேரம் மண்டைய ஒடைச்ச எடத்துக்கு வர்றேன். ஆடி ஆவணில நமக்கு பெருசா மழை இல்ல, ஆனா மேக்க இருந்து ஒடைஞ்ச மேகம் மந்தை மந்தையா ஓடிவரும். வெயிலு, நெழலு, வெயிலு, நெழலு. ஒரு பிளாக்ல 1700 கிலோவாட், அடுத்ததுல 500. அந்த நாள்ல ஆப்பு என்ன போடும்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆவரேஜ் போட்டு நேர்கோடு இழுத்துரும். மாட்டுத்தாவணில எட்டு மணிக்கு ஒரு பஸ்சு, ஒம்போது மணிக்கு ஒரு பஸ்சு, ரெண்டுக்கும் ஆவரேஜ் எட்டரைன்னு எட்டரைக்கு போயி நின்னா பஸ் எங்க இருக்கும்? அந்த மாதிரி, எந்த பிளாக்லயும் வராத ஒரு நம்பர 96 பிளாக்குல பகல் பூராம் எழுதிக் குடுக்குறாங்க.

ஒரு கணக்கு போட்டுக் காட்றேன். பத்து பிளாக் எடுத்துக்கோங்க, ஏழுல 1700 வருது, மூணுல 500 வருது, எது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஆவரேஜ் 1340. கணக்குக்காக கெப்பாசிட்டில 10 சதவீதம், அதாவது 200 வரைக்கும் மன்னிப்பு, அதுக்கு மேல போறதுக்கு ஒரே ரேட்டுல அபராதம்னு வச்சுப்போம். 1340-ன்னு எழுதிக் குடுத்தா ஏழு பிளாக்ல 360 வித்தியாசம், மன்னிப்பு போக 160, மொத்தம் 1120. மூணு பிளாக்ல 840 வித்தியாசம், மன்னிப்பு போக 640, மொத்தம் 1920. ரெண்டும் சேந்து 3040. இப்ப ஆவரேஜ விட்டுட்டு 1500-ன்னு எழுதிக் குடுத்துப் பாருங்க. ஏழு பிளாக்ல 200 வித்தியாசம், அப்டியே மன்னிப்புக்குள்ள போயிருது, ஜீரோ. மூணு பிளாக்ல 1000 வித்தியாசம், மன்னிப்பு போக 800, மொத்தம் 2400. அஞ்சுல ஒரு பங்கு காசு மிச்சம், அதுவும் வானத்தப் பத்தி ஒரு எழுத்து கூட கூடுதலா தெரிஞ்சுக்காம! நெசத்துல வித்தியாசம் கூடக் கூட ஸ்லாப் மாறி ரேட்டும் ஏறும், அத சேத்தா நம்பர் கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு மாறும், ஆனா விஷயம் மாறாது. வானிலைய சரியா சொல்றது ஒரு வேலை, அத வச்சு எந்த நம்பர எழுதிக் குடுக்குறதுன்றது வேற வேலை. முன்னது ஃபோர்காஸ்டிங், பின்னது ஆப்டிமைசேஷன். ரெண்டையும் சேத்து விக்கிறோம்னு சொல்லிட்டு முதல் வேலைய மட்டும் பண்றாய்ங்க.

இதுக்கு ஆவரேஜ் மட்டும் பத்தாது, "இவ்ளோ வர்றதுக்கு இவ்ளோ வாய்ப்பு"ன்னு பிரிச்சு சொல்லணும். ஆராய்ச்சி பக்கம் இது பழைய கதை, 2014-ல உலக அளவுல ஒரு எனர்ஜி ஃபோர்காஸ்டிங் போட்டி வச்சாங்க, அதுல சோலார், காத்து, லோடு, விலை நாலுக்குமே ஒத்த நம்பர் குடுக்க விடல, 99 குவான்டைலா, அதாவது "இந்த நம்பருக்கு கீழ வர்றதுக்கு 1 சதவீதம் வாய்ப்பு, இதுக்கு கீழ 2 சதவீதம்"னு 99 வரைக்கும் பிரிச்சு குடுக்கச் சொல்லித்தான் மார்க் போட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஆப்புல இன்னும் ஒத்தக் கோடுதான். கஸ்டமர் கேர் தம்பிகிட்ட கேட்டேன், "சார், நாங்க பெஸ்ட் வேல்யூதான் சார் குடுக்குறோம்"னாரு. எதுக்கு பெஸ்ட்டுன்னு கேட்டேன், டிக்கெட் ரைஸ் பண்றேன்னாரு. இன்னும் ரைஸ் ஆகிக்கிட்டே இருக்கு.

(நேர்மையா ஒண்ணு சொல்லிர்றேன், நான் மேல சொன்ன 1500 நமக்கு நல்லது, கிரிட்டுக்கு நல்லதான்னு கேட்டா இல்ல. அங்க கிரிட்டோட ஃப்ரீக்வென்சிய 50 ஹெர்ட்ஸ்ல புடிச்சு நிறுத்துறவங்களுக்கு எல்லா பிளான்ட்டையும் கூட்டுனா சரியா வரணும், அதுக்கு ஆவரேஜ்தான் நல்லது. எல்லாரும் என்ன மாதிரி மேல ஏத்தி எழுதுனா மொத்தமா எறங்குறப்ப அவங்கதான் ஓடணும். ஆனா விதிய எழுதுனது நான் இல்ல.)

கிரிட்டுன்னதும் ஞாபகம் வருது, பூலிங்க பத்தி சொல்லணும். எங்க சப்ஸ்டேஷன்ல இன்னும் சில பிளான்ட் சேந்துருக்கு, வித்தியாசம் எல்லாத்தையும் கூட்டித்தான் பாக்குறாங்க, அப்பறம் பிரிச்சு விடுறாங்க. எங்க தலைல மேகம் நிக்கிறப்ப பக்கத்து ஊர் பிளான்ட்ல வெயிலடிக்கும், எங்க கொறைவும் அவங்க கூடுதலும் அடிபட்டுப் போகும். தனியா நின்னுருந்தா கட்ட வேண்டியதுல நல்ல பங்கு இதுல தப்பிச்சோம். ஆனா இந்த நன்மைய கம்பெனிக்காரங்க "எங்களால சேமிச்சது"ன்னு மாச ரிப்போர்ட்ல கலர் கலரா பட்டை போட்டு காட்டுறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். மேகம் பரவலா இல்லாம துண்டு துண்டா இருக்கதுக்கு இவரு பில்லு போடுறாரு.

இனிமே குறை. முழு நாள் நஷ்டம் வந்தது ரெண்டே தடவ, ரெண்டுமே வானத்தால இல்ல.

ஒண்ணு, மாதாந்திர பராமரிப்பு மின்தடை. காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஃபீடர் ஆஃப், முந்துன நாள் பேப்பர்லயே ஊர் பேரு வரிசையா போட்டு வந்துருச்சு, டீக்கடைல உக்காந்துருக்க பெருசுகளுக்கே தெரியும். எங்க ஆப்புக்கு தெரியல. அன்னைக்கு நல்ல வெயில்னு சரியா கணிச்சு (அதுல தப்பே இல்ல, நெசமாவே நல்ல வெயிலு) ஃபுல் ஷெட்யூல் போட்டு வச்சுருந்தாங்க, நாங்க குடுத்தது பூஜ்யம். பிளான்ட்ல இருக்க அண்ணன் போன் பண்றாரு, "தம்பி, லைன் இல்லன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலயா?" சொல்றதுக்கு ஆப்புல ஒரு பட்டன் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், மூணு மெனுவுக்கு உள்ள ஒளிச்சு வச்சுருக்காங்க. தப்பு பாதி என்னோடது, ஒத்துக்குறேன். ஆனா சேட்டிலைட்ட பாக்குறவன் பேப்பர பாக்க மாட்டானா?

ரெண்டாவது, டேட்டா அனுப்புற சிம்மு. டவர் பிரச்சனையோ ரீசார்ஜ் பிரச்சனையோ, டேட்டா நின்னு போச்சு. நின்னா "டேட்டா வரல"ன்னு காட்டணும், இவங்க சிஸ்டம் கடைசியா வந்த நம்பரையே புடிச்சுக்கிட்டு, அத இப்பத்த உற்பத்தின்னு நம்பி அடுத்த ரிவிஷன் எல்லாத்தையும் அதுக்கு ஏத்த மாதிரி திருத்திக்கிட்டே போயிருச்சு. சாயங்காலம் ஆறரைக்கு ஆப்ப தொறந்தா பிளான்ட்டு 1400 கிலோவாட்ல ஓடிக்கிட்டு இருக்கு, வெளிய எட்டிப் பாத்தா இருட்டு. சாயங்காலம் ஆறரைக்கு 1400 வந்தா அது தப்புன்னு ஒரு செக்கு கூட வைக்கல, இதுல ஏஐன்னு நெத்தில எழுதிக்கிறாய்ங்க. இதுக்கு மட்டும் அந்த மாச சந்தாவுல கழிச்சு குடுத்தாங்க, நாலு மெயிலு, ரெண்டு சண்டைக்கு அப்பறம்.

கரண்டோட சந்தை விலைய கணிக்கிற ஆட்-ஆன் நான் வாங்கல, கப்பலூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிக்கல் பாக்குற ஃப்ரெண்டு வாங்குனான். அவங்க மில்லு எக்ஸ்சேஞ்சுல (கரண்ட ஏலம் விடுற சந்தை) இருந்தும் கரண்டு வாங்குறாங்க. 2008-ல ஆரம்பிச்ச இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச்ல நாளைய கரண்ட இன்னைக்கு காலைல பத்துல இருந்து பன்னெண்டுக்குள்ள ஏலம் கேக்கணும், அங்கயும் 96 பிளாக், ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. எந்த பிளாக்ல விலை எறங்கும்னு முன்னாடியே தெரிஞ்சா ஷிஃப்ட அதுக்கு ஏத்தாப்புல மாத்தலாம், ஜெனரேட்டர் போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம். அவனும் "92 பர்சன்ட் கரெக்ட்டுடா"ன்னு வந்தான். ராத்திரி கதையத்தான் அவனுக்கும் சொன்னேன். யூனிட்டுக்கு 10 ரூவாய்க்கு மேல போகக்கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல இருந்து உச்சவரம்பு இருக்கு. கோடைல சாயங்காலம் சூரியன் எறங்குனதும் நாட்டுல இருக்க சோலார் பூராம் ஒரே நேரத்துல படுத்துரும், ஃபேனும் ஏசியும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், விலை போயி அந்த 10 ரூவா கூரைல முட்டிக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துக்கு "10 ரூவா"ன்னு கணிக்க ஏஐ எதுக்கு, நம்ம வாட்ச்மேன் போதும். கூரைல முட்டுன பிளாக் எல்லாத்தையும் தூக்கிட்டு மிச்சத்துல பாருடான்னு சொன்னேன். பாத்துட்டு ரெண்டு நாள் எனக்கு போனே பண்ணல.

அவங்க மில்லுக்கு ஆண்டிபட்டி பக்கம் காத்தாடி வேற இருக்கு. அத கணிக்கிறது சோலார விட கொடுமை. காத்தோட வேகத்துல 10 சதவீதம் தப்பு விட்டா கரண்டுல 33 சதவீதம் வரைக்கும் தப்பாயிரும், ஏன்னா வேகம் மூணு தடவ பெருக்கி வருது. கம்பம் கணவாய் வழியா ஆனி ஆடில வர்ற காத்து அன்னைக்கு மதியம் வருமா சாயங்காலம் வருமான்றதுல ஒரு மணி நேரம் பிசகுனாலும் முடிஞ்சுது. சென்னைல இருக்க தேசிய காற்று சக்தி நிறுவனமே தமிழ்நாட்டு காத்தாலைகளுக்கு ஃபோர்காஸ்ட் போட்டு பழகுனவங்க, அதனால காத்து விஷயத்துல நான் யாரையும் கொறை சொல்ல மாட்டேன், நமக்கு அந்த அனுபவம் இல்ல.

காசு கட்டாம என்ன கெடைக்கும்னு கேக்குறவங்களுக்கு: புதுசா பிளான்ட்டு போடப்போறீங்கன்னா ஐரோப்பிய கமிஷன் ஆளுங்க நடத்துற பிவிஜிஐஎஸ், உலக வங்கியோட குளோபல் சோலார் அட்லஸ் ரெண்டும் இலவசம், மேப்புல உங்க காட்ட தொட்டா மாசாமாசம் சராசரியா எவ்ளோ வரும்னு சொல்லிரும். எங்களுக்கு வருஷ மொத்தம் ஆச்சரியப்படுற அளவுக்கு ஒத்துப்போச்சு. ஆனா அது பழைய வருஷங்களோட சராசரி, நாளைக்கு மூணு மணிக்கு மேகம் வருமான்னு அதுகிட்ட கேக்காதீங்க. லோன் போடுறப்ப பேங்க்ல காட்ட நல்லா இருக்கும்.

பேனல் தூசிய பத்தி ஒரு வரி. கரிசப் புழுதி படிஞ்சா உற்பத்தி மெள்ள மெள்ள எறங்கும், கழுவுன மறுநாள் குபுக்குன்னு ஏறும். ஆப்புக்கு நாம எப்ப கழுவுனோம்னு தெரியாது, அது ஒரு வாரம் கழிச்சுத்தான் கத்துக்குது. கழுவுற தேதிய முன்கூட்டியே போட ஒரு கட்டம் குடுங்கய்யான்னு சொன்னதுக்கு, நெசமாவே அடுத்த அப்டேட்ல குடுத்தாங்க. அதுக்குத்தான் அந்த மூணாவது ஸ்டாரு.

ரின்யூவல் வந்துச்சு போன மாசம். முழு வருஷத்துக்கு கேட்டாங்க, நான் புரட்டாசில இருந்து மார்கழி வரைக்கும் மட்டும் குடுங்கன்னேன், மிச்ச மாசத்துக்கு எங்க சோம்பேறி மாடல நீங்களே ஷெட்யூலா அனுப்பி விடுங்க, பாதி ரேட்டு தர்றேன்னேன். சேல்ஸ் தம்பி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "சார், அப்டி ஒரு பிளான் எங்ககிட்ட இல்லையே"ன்னாரு. மாமா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தவரு, "தம்பி, மொத எங்க பேப்பர வாங்கி படிக்க ஒரு ஆள போடுங்க, அப்பறம் பிளான பத்தி பேசுவோம்"னு எந்திரிச்சு போயிட்டாரு. கடைசில முழு வருஷம்தான், ஆனா மின்தடை நாளுக்கு அவங்க பொறுப்புன்னும், டேட்டா நின்னா அரைமணிக்குள்ள எனக்கு மெசேஜ் வரணும்னும், மாச ரிப்போர்ட்ல பகல் பிளாக் ஆக்யுரசியும் அதுக்கு பக்கத்துலயே "நேத்து மாதிரி" மாடலோட ஆக்யுரசியும் சேத்து போடணும்னும் அக்ரிமென்ட்ல எழுதி வாங்கிருக்கேன். முதல் ரிப்போர்ட் நேத்து வந்துச்சு. முன்பக்கத்துல பெரிய எழுத்துல அதே 95, நான் கேட்டது பதினோராம் பக்கத்துல, கண்ணாடி போட்டாத்தான் தெரியும்.